பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடிக்கொள்ளும் ரைட்டர்

கேள்வி: புதிய விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கினேன். லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை நிறுவி, பழைய கணினியில் இருந்த அதன் அமைப்புக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டேன். இப்போது ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும்போது அதன் எழுதும் செயலியான ரைட்டர் திடீர் திடீரென்று மூடிக்கொள்கிறது. தானாகச் சேமிக்கும் நேரத்தில்தான் இது நடப்பதாகத் தோன்றுகிறது. அந்த வசதியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பிழை சேமிப்பில் இல்லாமல் வேறெங்காவது இருந்தால், மூடிக்கொள்வதும் நிற்காது, மீட்க நகலும் இருக்காது.

மற்ற எதையும் தொடுமுன் இருப்பதைக் காப்பாற்றுங்கள். சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரேஆபிஸ், 4, யூசர் என்று வரிசையாக உள்ளே போனால் மீட்பு நகல்கள் சேரும் 'பேக்கப்' என்ற கோப்புறை இருக்கும். ஆப்டேட்டா கண்ணில் படாவிட்டால் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். (பதிப்பு எண் 24, 25 என்று ஏறிவிட்டாலும் கோப்புறைக்கு இன்னும் 4 என்றுதான் பெயர், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம்.) அந்த பேக்கப் கோப்புறையையும் ஆய்வேட்டையும் ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஆவணத்தை மீட்கவா என்று ரைட்டர் கேட்டால், அவசரத்தில் 'டிஸ்கார்ட்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

இனி உங்கள் சந்தேகம் சரியா என்று பார்ப்போம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்ற பக்கத்தில் மீட்பு நகல் எடுக்கும் இடைவெளி இருக்கிறது. மாற்றாமல் விட்டிருந்தால் அது 10 நிமிடம். அதை 1 ஆக்கி, ஆய்வேட்டை விட்டுவிட்டு வெற்று ஆவணம் ஒன்றில் நாலு வரி தட்டச்சு செய்யுங்கள். மாற்றம் இல்லாத ஆவணத்துக்கு நகல் எடுக்கப்படாது என்பதால் அவ்வப்போது ஒரு சொல்லையாவது சேர்த்துக்கொண்டிருங்கள். நிமிடத்துக்கொரு முறை கவிழ்ந்தால் உங்கள் கணிப்பு சரி. வெற்று ஆவணம் தாக்குப்பிடித்து ஆய்வேடு மட்டும் கவிழ்ந்தால், கோளாறு அந்தக் கோப்பிலேயே இருக்கக்கூடும். நேரத்துக்குச் சம்பந்தமில்லாமல் கவிழ்ந்தால் சேமிப்பின் மீது பழி போடாதீர்கள்.

அடுத்து ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' கொடுத்து இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே உங்கள் பழைய அமைப்புகள், நீட்சிகள் (கூடுதலாகச் சேர்த்த வசதிகள்), வன்பொருள் முடுக்கம் (திரையை வரைய கிராஃபிக்ஸ் சில்லைப் பயன்படுத்துவது) எதுவும் இயங்காது. அங்கே ஒழுங்காக ஓடினால், நீங்கள் நகலெடுத்துப் போட்ட கோப்புறையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். புது வீட்டுக்குப் பழைய வீட்டின் சாவிக்கொத்தை எடுத்துவந்த கதை அது. ஆப்ஷன்ஸில் 'பாத்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய கணினியில் பேக்கப்பையோ தற்காலிகக் கோப்புகளையோ டி டிரைவுக்கு மாற்றியிருந்தால், அந்த முகவரி இங்கேயும் வந்திருக்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சி டிரைவைத் தவிர வேறு டிரைவே கிடையாது.

இந்தப் பழைய சுமையைக் கழற்ற எளிய வழி: லிப்ரேஆபிஸை மூடிவிட்டு '4' என்ற கோப்புறைக்கு '4-பழையது' என்று பெயர் மாற்றுங்கள். அடுத்த முறை திறந்ததும் புதிய கோப்புறையை அதுவே உருவாக்கிக்கொள்ளும். பிறகு பழையதிலிருந்து 'வேர்ட்புக்', 'ஆட்டோகர்' என்ற இரண்டு உள்கோப்புறைகளை மட்டும் நகலெடுத்தால் போதும். நீங்கள் சேர்த்துவைத்த அகராதிச் சொற்களும் தானியங்கித் திருத்தங்களும் அவற்றில்தான் இருக்கின்றன. சேஃப் மோட் சாளரத்தில் அமைப்பு முழுவதையும் துடைக்கும் வசதியும் உண்டு. அது இவற்றையும் சேர்த்தே துடைத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

அப்படியும் தீராவிட்டால் அடுத்த சந்தேகம் கிராஃபிக்ஸ், அதாவது திரையில் காட்டும் பகுதி. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறந்து, கவிழ்ந்த நாளின் சிவப்புக் குறியைச் சொடுக்குங்கள். பழுதான மாட்யூலின் (நிரல் கோப்பின்) பெயர் 'ஐஜி' என்றோ 'என்வி' என்றோ தொடங்கினால் இன்டெல் அல்லது என்விடியா கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். லிப்ரேஆபிஸ் 2020-இல் வந்த 7.0 பதிப்பு முதல் விண்டோஸில் திரையை வரைய ஸ்கியா என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. ஆப்ஷன்ஸின் வியூ பக்கத்தில் ஸ்கியாவை மென்பொருள் வழியே இயக்கும் கட்டத்தில் குறியிடுங்கள். மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்த பிறகு அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

ரைட்டர் மூடாமல் 'சேமிக்க முடியவில்லை' என்று மட்டும் சொன்னால் அது வேறு விவகாரம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) பாதுகாப்புப் பகுதியைப் பாருங்கள். அனுமதியில்லாத செயலிகள் உங்கள் கோப்புறைகளில் எழுதுவதைத் தடுக்கும் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' இயக்கத்தில் இருந்தால், அனுமதிப் பட்டியலில் லிப்ரேஆபிஸின் 'எஸ்ஆபிஸ்.எக்ஸ்இ' கோப்போடு 'எஸ்ஆபிஸ்.பின்' கோப்பையும் சேருங்கள். உண்மையில் வேலை செய்வது இரண்டாவதுதான். பலரும் முதலாவதை மட்டும் சேர்த்துவிட்டு, ஏன் சரியாகவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள்.

எல்லாம் சரியானதும் இடைவெளியை 1 நிமிடத்திலேயே விட்டுவிடாதீர்கள். படங்கள் நிறைந்த பெரிய ஆய்வேட்டில் நிமிடந்தோறும் நகல் எடுத்தால் தட்டச்சு திக்கும். 5 நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.