குப்பைத் தொட்டிக்கு என்ன கலர் அடிப்பது?

கேள்வி: என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். குப்பை, மறுசுழற்சி பற்றி கலர் அடித்து, பேப்பரில் ஏதாவது செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் எடுத்த படத்தில் நான்கு தொட்டி, நான்கு நிறம். எங்கள் தெரு வண்டியில் பச்சையும் நீலமும்தான் இருக்கின்றன. எதைப் பார்த்து அடிக்கச் சொல்வது? சார்ட், தெர்மாகோல், கிளிட்டர் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் தெரு வண்டியைப் பார்த்தே அடிக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களில் பல வெளிநாட்டில் வரைந்தவை. ஜெர்மனியில் நீலத் தொட்டி என்றால் பேப்பருக்கு மட்டும்; மக்கும் குப்பைக்குப் பழுப்பு. நம் ஊரில் பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காத குப்பைக்கு. ஐந்து வயதில் கையால் அடித்த நிறம் மனதில் அப்படியே தங்கும். வீட்டில் ஒரு நிறம், படத்தில் ஒரு நிறம் என்றால் குழந்தை குழம்பிப் போகும்.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாவதாக ஒன்றையும் பிரிக்கச் சொன்னன: வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை. பழைய பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை போன்றவை. சில ஊர்களில் இதற்குச் சிவப்புத் தொட்டி உண்டு. கலர் அடிப்பதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் வண்டி வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போங்கள். "அக்கா, இதை எதுல போடணும்?" என்று அவளே கேட்கட்டும். தூய்மைப் பணியாளர் சொல்லும் பதிலை எந்தப் படமும் சொல்லாது.

சரி, பொருளுக்கு வருவோம். மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கம் போதும், சார்ட் வேண்டாம். அதில் மூன்று பெரிய தொட்டிகள் வரையுங்கள். தொட்டிக்கு மட்டும் கலர். உள்ளே இருக்கும் குப்பையை வரைய வேண்டாம், நிஜமான குப்பையையே ஒட்டுங்கள். பச்சையில் காய்ந்த வெங்காயத் தோல், கடலைத் தோடு, வேப்பிலைச் சருகு. நீலத்தில் பிஸ்கட் கவர், பழைய நோட்டுத் தாள், கழுவிக் காயவைத்த பால் கவர். (பால் கவரின் நுனியைத் தனியாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தத் துணுக்கு தனியாக விழுந்தால் பொறுக்க ஆளில்லை.) சிவப்பில் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள், படம் வரைந்தால் போதும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி குழந்தை கைக்கே போகக் கூடாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்தால் முதலில் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரத்தில் மெல்லிய சவ்வு இழுபட்டு வந்தால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பேப்பர் ஆலையில் தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார்கள். இந்தப் பூச்சு கரையாது. குழந்தைகளுக்கு இன்னொரு சோதனை மிகவும் பிடிக்கும்: கையில் வைத்துக் கசக்கு, விட்டுப் பார். நோட்டுத் தாள் கசங்கியபடியே கிடக்கும். பிஸ்கட் கவர் மறுபடி விரிந்துகொள்ளும்.

தெர்மாகோல், கிளிட்டர் இரண்டும் வேண்டவே வேண்டாம். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கிளிட்டர் பொடிப் பொடியான பிளாஸ்டிக். தாளில் ஒட்டினால் அந்தத் தாளும் வீண். கலர் பென்சில், கிரேயான் போதும்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு ஸ்பூன் மைதாவுக்கு ஐந்து ஸ்பூன் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிண்டுங்கள். பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நீல உப்பு) சேர்க்கும் வழக்கம் உண்டு. அது விஷம், குழந்தை தொடும் பசையில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த கைவேலை ஒன்று. நோட்டுத் தாளில் ஒரு அங்குல அகலத்தில் நீளமாக ஒரு பட்டை வெட்டுங்கள். ஒரு முனையை அரைச் சுற்று மட்டும் திருப்பி, மறுமுனையோடு ஒட்டுங்கள். பட்டையின் நடுவில் கிரேயானை வைத்துக் கையெடுக்காமல் கோடு போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் கோடு இருக்கும்! மறுசுழற்சிக் குறியான அந்த மூன்று அம்பு முக்கோணம் இந்த முறுக்குப் பட்டையிலிருந்து பிறந்ததுதான். 1970-ல் ஒரு அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் வரைந்தது. "உன் பழைய நோட்டு பேப்பர் கடைக்குப் போய், அட்டைப்பெட்டியாகித் திரும்பி வரும்" என்று அந்தக் கோட்டை விரலால் காட்டிச் சொல்லலாம். உங்களுக்காக ஒன்று சொல்கிறேன்: காகிதம் எத்தனை முறையும் திரும்பி வராது. ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு முறைக்குமேல் தாங்குவது கடினம். பிளாஸ்டிக் பொருளில் இதே முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருந்தால், அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதி அதில் இல்லை. தெர்மாகோலின் வகைக்கும் 6 என்று ஓர் எண் உண்டு.

செய்ததைப் பிரேம் போடவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். பள்ளியிலிருந்து திரும்பி வந்ததும், அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். வெங்காயத் தோல் பச்சைக்கு, பால் கவர் நீலத்துக்கு, கலர் அடித்த காலண்டர் தாள் பழைய பேப்பர் கட்டுக்கு. ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால் அதை மட்டும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.