விரலை ஆட்டினால் பயம் போகுமா? இ.எம்.டி.ஆர். முதல் முற்பிறவி சிகிச்சை வரை – கேள்வி பதில்

கேள்வி: இ.எம்.டி.ஆர். சிகிச்சையா, கண்கட்டு வித்தையா?

சிகிச்சைதான்; கண்ணை இடவலமாக அசைத்தபடி வதைக்கும் நினைவை எதிர்கொள்ள வைக்கும் மனநலச் சிகிச்சை. பி.டி.எஸ்.டி.க்கு (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு) உலக சுகாதார நிறுவனமே 2013-இல் பரிந்துரைத்தது. மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் இரண்டும் வரலாறு கேட்பது, மனதை நிதானப்படுத்தப் பழக்குவது. மூன்றாவதில், வதைக்கும் நினைவின் மோசமான காட்சியைத் தேர்ந்து, அது எவ்வளவு தொந்தரவு செய்கிறதென்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார்கள். நான்காவதில்தான் விரல் வருகிறது. காட்சியை மனதில் நிறுத்தி, இடவலமாக ஆடும் விரலைச் சுமார் 24 முறை கண்ணால் தொடர வேண்டும். நிறுத்தி, "இப்போ என்ன வருது?" என்பார்கள். மறுபடி அதே சுற்று, எண் 0-க்கு இறங்கும்வரை. இரண்டாம் கட்டத்தைத் தாவி முதல் நாளே நினைவைக் கிளறினால் ஆள் குலைந்துபோய் வீடு திரும்புவார். அடுத்த முறை வரமாட்டார்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் இதற்காக அதை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: முற்பிறவிக்குக் கொண்டுபோகும் ஹிப்னாசிஸ்?

ஹிப்னாசிஸில் (மனவசியத்தில்) நினைவின் துல்லியம் அதிகரிக்காது, 'இது நடந்ததுதான்' என்ற உறுதி மட்டும் அதிகரிக்கும். பொய் நினைவை விதைக்க வெறும் பேச்சே போதும்: 1995-இல் வெளியான உளவியலாளர் லாஃப்டஸின் ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்ததாகச் சொல்லப்பட்ட பொய்க்கதையை 24 பேரில் 6 பேர் கடைசிவரை முழுதாகவோ அரைகுறையாகவோ நம்பினார்கள்.

கேள்வி: அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். முற்பிறவியில் மூழ்கியிருப்பாரோ?

மேலே சொன்னதுதான். வாளி, கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம் என்று படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையைக் கேளுங்கள்.

கேள்வி: கண் அசையாமலும் இ.எம்.டி.ஆர். பலிக்கிறதாமே? அப்புறம் விரல் எதற்கு?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 2001-இல் டேவிட்சன், பார்க்கர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கண்ணசைவால் கூடுதல் பலன் தெரியவில்லை. பயந்த நினைவை எதிர்கொள்வதே மருந்து, விரல் வெறும் அலங்காரம் என்று விமர்சகர்கள் சொல்ல அது வசதியாயிற்று.

கேள்வி: விடமாட்டேன். 2013-இல் வந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்பு வேறு சொல்கிறதே?

ஆமாம், அதில் லீயும் கைபர்ஸும் கண்ணசைவுக்கு மிதமான பலன் கண்டார்கள். ஆனால் நினைவைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட்டாலும் காட்சி மங்குகிறது. மனதின் தற்காலிக நினைவிடம் சிறியது, இரண்டு வேலைக்கு இடம் போதாது. ஆகவே 'மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிறோம்' என்ற விளம்பரத்துக்குத்தான் ஆதாரமில்லை. விரலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை.

கேள்வி: 'மறுபிறப்பு' சிகிச்சை குழந்தைகளுக்கு நல்லதா?

கூடவே கூடாது. 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில் 10 வயதுச் சிறுமியை 'மறுபடி பிறக்க' வைப்பதாகத் துணியில் சுற்றி, மேலே பெரியவர்கள் அழுத்தினார்கள். மூச்சுத் திணறி இறந்தாள். அடுத்த ஆண்டே அங்கு அதற்குத் தடைச்சட்டம் வந்தது.

கேள்வி: முற்பிறவி சிகிச்சைக்கு எத்தனை அமர்வு ஆகும்?

மூன்றாவது முறை! பூஜ்யம்.

கேள்வி: நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் கேளுங்கள். வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.