ஊசி மருந்துக் குப்பி கசிகிறதா என்று திறக்காமலே எப்படிப் பார்க்கிறார்கள்?

திருகோணமலையில் பாமசி ஒன்றில் வேலை செய்யும் தங்கச்சி கேட்டது இது: றப்பர் மூடிக்கு மேல் அலுமினியம் இறுக்கிய குப்பியில் கசிவு உண்டா என்று, அதை வீணாக்காமல் அறிய முடியுமா? முடியும்.

சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போல, குப்பிகளை நீலச் சாயத்தில் அமிழ்த்தி நிறம் உள்ளே ஏறுகிறதா என்று பார்க்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் சோதித்த குப்பியை நோயாளிக்குக் கொடுக்க முடியாது. மங்கலான நிறம் கண்ணுக்குத் தப்பியும் விடும்.

லேசர் முறை வேறு. பல தூள் மருந்துகளை நைதரசன் நிரப்பித்தான் மூடுகிறார்கள். குப்பியை வெளிச்சத்தில் பிடியுங்கள். தூளுக்கு மேல் வெறுமையாகத் தெரிகிறதே, அந்த இடத்தினூடாக ஏறத்தாழ 760 நனோமீற்றர் லேசர் கதிரை விடுவார்கள். ஒட்சிசன் அந்த ஒளியை உறிஞ்சும், நைதரசன் உறிஞ்சாது. வெளிக்காற்றில் ஒட்சிசன் சுமார் 21 வீதம். கசிவிருந்தால் அது மெல்ல உள்ளே புகும், மறுபக்கம் வரும் ஒளி குறையும். நுண்ணிய துளை என்றால் காற்றுப் புக நாட்கள்கூட ஆகலாம். அதனால் மூடிய கையோடு அளந்து நிம்மதி அடையக்கூடாது.

சரி, காற்றோடு சேர்த்தே மூடிய மருந்து என்றால்? உள்ளும் புறமும் ஒரே அளவு ஒட்சிசன்தானே. அப்போது குப்பிகளைக் காபனீரொட்சைட்டு அழுத்தத்தில் வைத்தெடுத்து, அந்த வாயு உள்ளே போயிருக்கிறதா என்று வேறு அலைநீளத்தில் பார்ப்பார்கள். ஒளி புகாத கொள்கலனுக்கு இந்த முறை சரிவராது.

உங்கள் தட்டில் தூள் கட்டிபட்ட குப்பியோ மூடி தளர்ந்த குப்பியோ இருந்தால், தயவுசெய்து கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள்.