போட்ட காசைக் காப்பாற்ற இன்னும் 15 இலட்சமா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 27 வயது. மனைவியும் 4 வயதுப் பிள்ளையும் இங்கே என்னோடு. பிரான்சுக்கு அனுப்ப ஏஜென்சியிடம் 55 இலட்சம் பேசி 40 இலட்சம் கட்டிவிட்டோம். 9 மாதமாக மேற்கு ஆபிரிக்காவில் ஒரு வீட்டில் பன்னிரண்டு பேரோடு நிற்கிறான். மிச்சம் 15 இலட்சத்தையும் இப்பவே தந்தால்தான் அடுத்த கட்டம் என்கிறார்கள். வயல் பெர்மிட்டை (அரசு தந்த காணியின் அனுமதிப்பத்திரம்) கொடுத்தால் 5 வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்துக்கு, தர ஓர் ஆள் இருக்கிறார். பிரான்சில் இருக்கும் என் தம்பி, "இப்ப விட்டால் கட்டினதெல்லாம் போச்சு, நானும் இப்பிடித்தான் வந்தனான்" என்கிறான். ஃபோனில் 2 இலட்சம் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து வரும் என்று அயலில் ஒரு பிள்ளை சொல்கிறது. என்ன செய்ய?
– ஒரு தாய், தருமபுரம், கிளிநொச்சி

பதில்: அம்மா, கடைசியாகக் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். மாதம் நூற்றுக்குப் பத்து தரும் தொழில் எதுவும் இல்லை. பின்னால் சேருபவரின் காசை எடுத்து முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டம் அது. வங்கிச் சட்டமே தடைசெய்த விஷயம். அந்தப் பிள்ளையையும் வெளியே வரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடன். ஐந்து வட்டி கூடுதல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களை அழிப்பது வேறொன்று: ஏஜென்சி "அடுத்த கட்டம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், போட்ட காசு வீணாகக் கூடாதே என்று புதிதாகக் கடன் எடுக்கிறீர்கள். அந்தக் கடனின் வட்டியைக் கட்ட இன்னொரு கடன்.

உங்கள் முழுக் கடிதத்தில் நீங்கள் எழுதிய கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். தம்பி தந்தது 10 இலட்சம், வட்டியில்லை. 8 பவுண் அடைவு வைத்து 11 இலட்சம். வருட வட்டி 14 சதவீதம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 13,000. வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னங்காணியை எழுதிக் கொடுத்து 3 வட்டிக்கு 12 இலட்சம்: மாதம் 36,000. கைமாற்றாக 5 வட்டிக்கு 7 இலட்சம்: மாதம் 35,000. ஆக வட்டி மட்டும் 84,000. இதற்குமேல் நுண்நிதிக் கம்பனிகளிடம் குழுவாகச் சேர்ந்து எடுத்த இரண்டு குழுக்கடனுக்கும் கிழமைக்கு 7,700, மாதத்தில் 33,000. மொத்தம் 1,17,000. இளைய மகனின் மேசன் கூலி, பால், வயல் எல்லாம் சேர்த்து உங்கள் வருமானம் 70,000. மாதம் 47,000 துண்டு விழுகிறது. அதை அடைக்கத்தான் குழுக்கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து எடுக்கிறீர்கள்.

புதிய 15 இலட்சம் இதில் 75,000 ஐக் கூட்டும். மாதம் 1,92,000 ஆகிவிடும். மகன் நாளைக்கே பாரிசில் இறங்கினாலும், அகதி விண்ணப்பம் கொடுத்து முதல் ஆறு மாதம் அவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. தனி ஆளுக்கு அரசு கொடுக்கும் படி ஒரு நாளைக்கு 6.80 யூரோ. தங்க இடம் தராவிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தில் இங்கே நீங்கள் கட்ட வேண்டியது 11 இலட்சத்து 50 ஆயிரம், வருமானம் 4 இலட்சத்து 20 ஆயிரம். மகன் சேர்ந்த பிறகும் 7 இலட்சத்துக்கு மேல் புதுக் கடன். இது எல்லாம் நன்றாக நடந்தால் வரும் கணக்கு.

நடக்காவிட்டால் என்னவென்று தம்பிக்குச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் 303 இலங்கையர் வியட்நாமுக்கு அப்பால் கடலில் மூழ்கவிருந்த படகிலிருந்து காப்பாற்றப்பட்டார்கள். கனடா போகிறோம் என்று ஏறியவர்கள். அங்கே ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆள் திரும்பி வந்தாலும், வாங்கிய கடன் வட்டியோடு வீட்டில்தான் இருக்கும்.

பெர்மிட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. ஆனால் கடன் தந்தவர் பெர்மிட்டை வைத்துக்கொண்டு காலபோகத்துக்கு வயலை உழத் தொடங்குவார். நீங்கள் முறையிடப் போனால் நிபந்தனையை மீறியவர் என்று உங்கள் பெர்மிட்டுக்கே ஆபத்து. சோறு தரும் நிலம் அது.

எதையும் விற்பதற்கு முன் மகன் அங்கே தங்கியிருக்கிறாரா, அடைபட்டிருக்கிறாரா என்று தெரிய வேண்டும். வீடியோவில் கதையுங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வையுங்கள், பக்கத்தில் ஆள் நிற்கும்போது அவர் அதைச் சொல்லட்டும். நிற்கும் இடத்தின் லொகேஷன், பாஸ்போர்ட்டின் முதற்பக்கம், விசாப் பக்கம், உள்நுழைந்த முத்திரை ஆகியவற்றின் படங்களை வாங்கி இளைய மகனின் ஃபோனிலும் வையுங்கள். இது கைக்கு வரும்வரை ஏஜென்சியோடு சண்டை வேண்டாம். "காசுக்கு அலைகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அடைபட்டிருக்கிறார், அடிக்கிறார்கள், சாப்பாடு மறுக்கிறார்கள் என்றால் அது ஆட்கடத்தல். அன்றைக்கே பொலிசுக்குப் போங்கள்.

அடைபடவில்லை என்றால் திரும்பி வரும் வழியைத் தேடலாம். கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ் மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட்டை ஏஜென்சி பறித்து வைத்திருந்தால் தற்காலிகப் பயண ஆவணத்துக்கு அங்கே கேளுங்கள். சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு, தானாக விரும்பித் திரும்புபவருக்கு உதவும் திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு மகன்தான் அந்த நாட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லி உரிமம் இல்லாமல் காசு வாங்கியிருந்தால் 1989 என்ற இலக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் முறையிடலாம். வங்கியில் போட்ட துண்டுகள், உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்புவது) கொடுத்த நாள், வாங்கிய ஆளின் ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

கடனில் முதலில் சாக வேண்டியது 5 வட்டி. நகையில் பாதி மருமகளின் தாலிக்கொடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய சொத்து, முடிவும் அவருடையது. கேட்கவே மனம் வராது என்று தெரியும். பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு, இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். பவுண் 2 இலட்சத்து 50 ஆயிரம் போனால் 8 பவுண் 20 இலட்சம். அடைவுக் காசும் ஒரு வருட வட்டியும் 12 இலட்சத்து 50 ஆயிரம் போக மிச்சம் 7 இலட்சத்து 50 ஆயிரம். கைமாற்று 7 இலட்சம் அதோடு தீரும், மாதம் 48,000 குறையும். இரண்டு நகைக்கடையில் அன்றைய விலை கேளுங்கள். அடைவுத் துண்டைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், வங்கிக்குச் சேர்ந்தே போங்கள். 7 இலட்சத்தை எண்ணிக் கொடுக்கும் அதே நேரம் நீங்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டை (கடன் பத்திரத்தை) திருப்பி வாங்குங்கள்.

தென்னங்காணிதான் எனக்குப் பயம். ஈடு (அடமானம்) என்று வாயால் சொல்லி அறுதி உறுதி, அதாவது முழு விற்பனைப் பத்திரம், எழுதுவது வன்னியில் நடக்கிறது. உறுதியின் பிரதியை நொத்தாரிசிடம் எடுத்து வாசிப்பியுங்கள். அறுதியாக இருந்தாலும் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவில் வழக்காட இடமுண்டு: காணி இன்னும் உங்கள் கையில், எழுதிய விலை சந்தை விலையை விட மிகக் குறைவு, மாதாமாதம் வட்டி கட்டுகிறீர்கள் என்று காட்ட வேண்டும். ஆகவே இனி வட்டியைக் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுத் துண்டை வையுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போனால் வக்கீலுக்குப் பெரிய செலவு வராது.

குழுக்கடன் தவணை முடியும்வரை கட்டுங்கள், "புதுப்பித்துத் தருகிறோம்" என்று வரும் பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கைமாற்றும் அடைவும் தீர்ந்தபின், குழுக்கடன் முடியும்வரை மாதம் 69,000 கட்ட வேண்டியிருக்கும். வருமானத்துக்குக் கிட்டக் கிட்டத்தான், சாப்பாட்டுக்கு இழுபடும். தம்பியின் 10 இலட்சம் கடைசியில் பார்க்கலாம். தம்பி உண்மையிலேயே உதவ நினைத்தால், ஏஜென்சிக்குக் கட்டச் சொல்லும் 15 இலட்சத்தில் உங்கள் மகனின் திரும்பும் டிக்கெட்டுக்குரியதை மட்டும் அவர் தரட்டும். அடுத்த முறை அவர் ஃபோன் எடுக்கும்போது இந்த டிக்கெட் காசை நீங்களே கேளுங்கள், மருமகளும் பக்கத்தில் இருக்கட்டும்.