இலவசத் தொழிற்பயிற்சியால் பயன் உண்டா?

கேள்வி: பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகளை எங்கள் ஊரில் அரசின் இலவசத் தொழிற்பயிற்சிக்கு அழைக்கிறார்கள். சான்றிதழ் பெற்று வெளியூர் வேலைக்குப் போன சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். ஏழை இளைஞர்களுக்கு இதனால் உண்மையில் பயன் உண்டா?
– வாசகி, செய்யாறு

பதில்: உண்டு, ஆனால் எல்லாப் பயிற்சியிலும் இல்லை. பயிற்சி பெறாமலேயே ஒருவருக்கு அந்த வேலை கிடைத்திருக்கலாம் என்பதால், விண்ணப்பித்தவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் சேர்த்து, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ‘ஜாப் கோர்’ திட்டம், 16 முதல் 24 வயது வரையுள்ள ஏழை இளைஞர்களைப் பெரும்பாலும் விடுதியில் தங்கவைத்துப் பள்ளிப் பாடத்தையும் தொழிலையும் கற்பிக்கிறது. 1990களின் நடுவில் விண்ணப்பித்தவர்களை இவ்வாறு ஒப்பிட்டபோது, நான்காம் ஆண்டில் பயிற்சி பெற்றோரின் வருவாய் சுமார் 12 விழுக்காடு கூடியிருந்தது. கைதானோர் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. பின்னர் அந்த வருவாய் வேறுபாடு, இருபது வயதிலோ அதற்கு மேலோ சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் மறைந்துவிட்டது. கொலம்பியாவில் 2005இல் ஆராயப்பட்ட திட்டமோ, மூன்று மாத வகுப்போடு நிறுவனத்திலேயே மூன்று மாத வேலைப் பயிற்சியையும் இணைத்தது. அதில் பெண்களின் வருவாய் ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது, ஆண்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

நம் நாட்டில் 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனா என்ற, கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சித் திட்டம், பயிற்சி முடித்தோரில் 70 விழுக்காட்டினருக்காவது வேலை பெற்றுத்தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. தேவையான நிபந்தனைதான்; ஆயினும் வேலையில் சேர்வதைவிட அதில் நிலைப்பதே கடினம். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வந்ததைச் சோம்பல் என்று தீர்ப்பளிப்பது பெரும் அநீதி. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் போகத் தொடக்கச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், உள்ளூர்க் கூலி வேலையே மேல் என்று அந்தக் குடும்பம் கணக்கிடுவதில் தவறில்லை. இந்த இடைவெளியை ஈடுசெய்யும் உதவித்தொகை முதல் ஆண்டு முழுவதும் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேர்வதற்கு முன், சென்ற அணியில் பயின்றவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று பயிற்சி மையத்தில் கேளுங்கள். அவர்களில் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் எவ்வளவு, இயந்திரத்தில் நேரடியாகப் பழகக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதையும் விசாரியுங்கள். காத்திருக்க முடிந்த பிள்ளை என்றால், அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர் அல்லது எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்து, பிறகு தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேர்வதையே நான் பரிந்துரைப்பேன்.