ஏலப் பலகையில் கடைக்காரரே விலை எழுதலாமா?

கேள்வி: கோவையில் சிறிய நாணயக் கடை வைத்திருக்கிறேன். சில அமெரிக்க நாணயக் கடைகளில் இருப்பதுபோலச் சுவரில் ஒரு ஏலப் பலகை மாட்டியிருக்கிறேன். காசுக்குக் கீழே சீட்டு இருக்கும், வாரம் முழுக்க யார் வேண்டுமானாலும் விலை எழுதலாம், சனிக்கிழமை மாலை 6 மணிக்கு முடிவு. முதல் இரண்டு வாரமும் நல்ல காசுகள் அடிமாட்டு விலைக்குப் போய்விட்டன. சரக்கு தரும் தரகர், “நீங்களே நாலு விலை எழுதிவிடுங்கள், சூடு பிடித்துக்கொள்ளும்” என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இது நியாயமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமே இடம் தரவில்லை. ஏலத்துக்கென்று 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆம் பிரிவு இருக்கிறது. விற்பவர் தானும் ஏலம் கேட்பேன் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால்தான் கேட்கலாம். சொல்லாமல் விலையை ஏற்றிவிட்டால், வாங்கியவர் ‘இந்த விற்பனை எனக்கு வேண்டாம்’ என்று பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தரகரின் காசுக்குத் தரகரின் தம்பி வந்து எழுதினாலும் அதே கதைதான். விற்பவர் ஏவி யார் எழுதினாலும் அது விற்பவர் கேட்டதாகத்தான் ஆகும்.

இருபது வருடம் முன்பு ஓர் ஏலத்தில் விக்டோரியா ரூபாய் ஒன்றுக்கு விடாமல் கேட்டு, கையிருப்பு முழுவதையும் கொட்டி எடுத்தேன். எனக்கு எதிராகக் கேட்டுக்கொண்டே வந்தவர் விற்றவரின் மருமகன் என்பது பிறகு தெரிந்தது. அந்த வாசலை அதற்கப்புறம் நான் மிதிக்கவில்லை. உங்கள் கடைக்கும் அப்படி ஒருவர் போதும், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

அடிமாட்டு விலைக்குப் போகிறதே என்ற கவலைக்கு நேரான வழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். குறைந்தபட்ச விலை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. 2,000 ரூபாய்க்குக் கீழே கட்டுப்படியாகாது என்றால் சீட்டின் தலையிலேயே ‘ஆரம்ப விலை 2,000’ என்று எழுதுங்கள். தொகையைக் காட்ட விருப்பமில்லையா, ‘குறைந்தபட்ச விலைக்கு உட்பட்டது’ என்று மட்டும் எழுதுங்கள், அதுவும் செல்லும். ஆனால் 500இல் தொடங்கிவிட்டு, இல்லாத ஒரு ஆளின் பெயரில் 1,900 எழுதுவது குறைந்தபட்ச விலை ஆகாது. தொகை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் முன்னது அறிவிப்பு, பின்னது பொய். ‘குறைந்தபட்ச விலைதானே வைத்தேன்’ என்று அப்புறம் வாதாட முடியாது. விற்பவரும் கேட்பார் என்று பலகையில் எழுதிவிட்டுக் கேட்கவும் சட்டம் விடுகிறது. என் யோசனை, அதைத் தொடவே வேண்டாம். அந்த வரியைப் படித்தவர் பேனாவை எடுக்க மாட்டார்.

இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். ஒருவர் 300 எழுதுவார். அவருடைய கூட்டாளி 3,000 எழுதி மற்றவர்களை ஓட்டிவிடுவார். ஐந்தேமுக்காலுக்கு வந்து 3,000ஐக் கோடு போட்டு அடித்துவிடுவார், காசு 300க்குப் போகும். ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை கேட்டவர் பின்வாங்கலாம் என்பது அதே 64ஆம் பிரிவு. அதனால் எழுதிய விலையை யாராவது அடித்தால் அந்தக் காசு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும் என்று பலகையிலேயே விதி போடுங்கள். பென்சில் வேண்டாம், பேனா மட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் புது விலை வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நீட்டுங்கள். பிறகு ஒவ்வொரு காசாக வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள்.

பொய் விலை எழுதச் சொல்லும் தரகர் கொண்டுவரும் சரக்கையும் நான் நம்ப மாட்டேன். 1818 என்று போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று தருவார்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அரிதான 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வந்தால் பத்து மடங்கு லென்ஸில் கடைசி 9ஐப் பாருங்கள். 1938இன் 8இல் கீழ் வட்டத்தின் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குவார்கள், சுரண்டிய இடத்தில் பரப்பு மட்டும் வேறு மாதிரி மின்னும். எடையும் போடுங்கள், 11.66 கிராம் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நூறு வயது கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். சோழர் காலச் செப்புத் திருமேனிக்கும், பழைய இரும்புக் கடையில் கூடையாகக் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜின் தேய்ந்த காலணாவுக்கும் ஒரே வரையறை. வருடம் பிறந்தால் இன்னொரு வருடத்துக் காசுகள் உள்ளே வந்துவிடும். காலணாவைக் காலணாவாகப் பார்க்கச் சட்டம் போட்டவர்களுக்கு இன்னும் எத்தனை வருடம் வேண்டுமோ தெரியவில்லை. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. ஆனால் சோதனை வந்தால் மாட்டுவது தரகர் அல்ல, பலகை மாட்டிய நீங்கள்தான். உரிமம் கைக்கு வரும்வரை நூறு வயதுக்குக் குறைந்த காசுகளை மட்டும் பலகையில் வையுங்கள். நாற்பதுகளின் ரூபாயும் குடியரசுக் கால அணாக்களுமே வாரத்துக்கு முப்பது சீட்டு நிரப்பும்.