சம்பளம் வாங்காத அறங்காவலர் ராஜினாமா செய்தால் பொறுப்பு தீருமா?

கேள்வி:

நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 63. எங்கள் ஊரில் மாநகராட்சிக் கட்டடத்தில் இருக்கும் வீடற்றோர் காப்பகத்தை ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறது. ஆறு வருடமாக நானும் அதில் அறங்காவலர். மொத்தம் ஐந்து பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நான் போய் வருகைப் பதிவேடு எழுதுவேன். பண விஷயமெல்லாம் நிர்வாக அறங்காவலரான அண்ணன் பார்க்கிறார். காசோலையில் அவரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்துக்கு உதவும் என்று வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். போன மாதம் பாஸ்புக் என் கைக்கு வந்தது. கடந்த ஏழு மாதத்தில் மூன்று காசோலைகளில் 3,40,000 ரூபாய் அவருடைய மகனின் கடைக் கணக்குக்குப் போயிருக்கிறது. கேட்டால், "கைமாத்தா எடுத்தேன்மா, தீபாவளிக்குள்ள போட்டுடுவேன்" என்கிறார். நடக்காத கூட்டங்களுக்கும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உடனே ராஜினாமா செய் என்கிறான் என் மகன். செய்தால் பிரச்சினை தீருமா? என் வீட்டுக்கு ஆபத்து வருமா? புகார் கொடுத்தால் காப்பகத்தை மூடிவிடுவார்களா? அங்கே 40 பேர் படுக்கிறார்கள். இன்னொன்று, என் தங்கை மகன் சிங்கப்பூரிலிருந்து காப்பகத்துக்குப் பணம் அனுப்புகிறான். அது தவறா?

பதில்:

அம்மா, உங்கள் மகன் பாசத்தில் சொல்கிறார். ஆனாலும் ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். அதற்கு முன் எழுத வேண்டிய கடிதங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கசப்பாக இருந்தாலும் உங்கள் நிலைமையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று காசோலைகளிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. வங்கிப் பதிவைப் பார்ப்பவருக்கு, இரண்டு அறங்காவலர்கள் சேர்ந்து பணத்தைக் கொடுத்ததாகத்தான் தெரியும். "நான் வெற்றுக் காசோலையில்தான் போட்டேன்" என்பது உண்மையே. ஆனால் அது உங்களைக் காப்பாற்றும் பதில் இல்லை. இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 1882, பொது அறக்கட்டளைகளுக்கு நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் அதன் அடிப்படைக் கொள்கைகளை நீதிமன்றங்கள் பொது அறக்கட்டளை வழக்குகளிலும் எடுத்துக்கொள்கின்றன. அதன் 15-வது பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அறக்கட்டளைச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு அளவு, சேவை செய்கிறவருக்கு ஒரு அளவு என்று அங்கே இல்லை. உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கின் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு அந்த அண்ணனிடம் கொடுத்திருப்பீர்களா? நீதிமன்றத்தில் உங்களைக் கேட்கப்போவதும் இதைத்தான்.

இதே சட்டத்தில் உங்களுக்கு ஆதரவான பிரிவும் இருக்கிறது. ஒரு அறங்காவலர் செய்த தவறுக்கு இன்னொருவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார் என்று 26-வது பிரிவு ஆரம்பிக்கிறது. விதிவிலக்குகள்தான் முக்கியம். பணத்தை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அது உரிய செலவுக்குப் போகிறதா என்று பார்க்காமல் விட்டால் பொறுப்பு வரும். தவறு தெரிந்த பிறகு அதை மறைத்தாலும், நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தாலும் வரும். முதல் விதிவிலக்கில் நீங்கள் ஏற்கெனவே மாட்டியிருக்கிறீர்கள். இரண்டாவதில் மாட்டுவதும் தப்பிப்பதும் இனி உங்கள் கையில். பாஸ்புக்கைப் பார்த்த நாளிலிருந்து அந்த "நியாயமான காலம்" ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளி வரை காத்திருப்பது சரியில்லை.

"கைமாற்று" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அது நல்ல சொல். அடுத்த வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி வாங்குவது போல. அறக்கட்டளைப் பணத்தில் கைமாற்று என்று ஒன்று கிடையாது. அறக்கட்டளைச் சொத்தை அறங்காவலர் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 51-வது பிரிவு. குற்றவியல் சட்டத்திலும், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தாலும் அது கையாடல்தான் என்று விளக்கமே போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் புதிய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு பொருந்தும். நம்பிக்கை மோசடி நிரூபணமானால் ஐந்து ஆண்டு வரை சிறை. அவருக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதைச் சாட்சியங்கள்தான் முடிவு செய்யும். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் அவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். பணத்தைத் திருப்பிப் போட்டால் அறக்கட்டளையின் நஷ்டம் குறையும், போடட்டும். ஆனால் நடந்தது நடக்காததாக ஆகிவிடாது. வருமான வரியிலும் சிக்கல் வரும். போதிய அடமானமும் வட்டியும் இல்லாமல் அறங்காவலரின் மகனுக்குக் கடன் போனாலே வரிவிலக்கு அடிபடும். வரிவிலக்குக்கான பதிவே ரத்தாகிற அளவுக்கும் போகலாம்.

சரி, ராஜினாமா. உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விலகுவது எப்படி என்று அதில் எழுதியிருந்தால் அதன்படி விலகலாம். எழுதவில்லை என்றால், ஏற்றுக்கொண்ட பொறுப்பை நினைத்த நேரத்தில் துறக்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். 46-வது பிரிவின் சாரம் இதுதான். முறையாகவே விலகினாலும், விலகிய தேதிக்கு முன் நடந்ததற்கான பொறுப்பு உங்களோடேயே வரும். "காலம் கடந்துவிட்டது" என்றும் பிற்பாடு தப்பிக்க முடியாது. அறங்காவலரிடம் கணக்குக் கேட்டும், அறக்கட்டளைச் சொத்தைத் திரும்பக் கேட்டும் போடும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்று காலவரையறைச் சட்டம், 1963-ன் 10-வது பிரிவு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் போய்விட்டால் உள்ளே கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? மீதி மூன்று பேர் பாஸ்புக்கைப் பார்த்ததாகவே உங்கள் கடிதத்தில் இல்லை. விலகுவதென்றால் கணக்கு ஒழுங்கான பிறகு, தலை நிமிர்ந்து விலகுங்கள்.

இப்போது அந்த இரண்டு கடிதங்கள். ஒன்று வங்கி மேலாளருக்கு. நீங்கள் கையெழுத்திட்டு, இன்னும் பணமாக்கப்படாமல் இருக்கும் காசோலைகளின் எண்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. "அறங்காவலர்களுக்குள் தகராறு" என்று பொதுவாக எழுதினால் வங்கி மொத்தக் கணக்கையுமே முடக்கிவைக்கலாம். அப்படி ஆனால் அடுத்த மாதம் சமையல்கார அம்மாவின் சம்பளமும் மளிகைக் கடைப் பாக்கியும் நிற்கும். எண் போட்ட காசோலைகளை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இனிமேல் வவுச்சரும் பில்லும் கண்ணில் பட்ட பிறகே காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது கடிதம் நிர்வாக அறங்காவலருக்கு, நகல் மற்ற மூவருக்கும். தேதி, தொகை, எந்தக் கணக்குக்குப் போனது என்பதை மட்டும் எழுதுங்கள். கோபமான ஒரு சொல்கூட வேண்டாம். 15 நாளில் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும், கூட்டம் கூட்ட வேண்டும், வெளியாள் ஒருவர் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டதையும், நடக்காத கூட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டதையும் அதில் நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். பயமாக இருக்கும். ஆனால் பிறர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்களே சொல்வதுதான் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. கடிதத்தை அனுப்பும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டுங்கள். பழைய தேதி போட்டுப் புதுத் தீர்மானம் எழுத யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் கிழிக்க விடாதீர்கள்.

பதில் வரவில்லை என்றால்? மகாராஷ்டிராவில் அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறக்கொடை ஆணையர் என்ற அதிகாரி இருக்கிறார். தமிழ்நாட்டில் உங்களுடையது போன்ற அறக்கட்டளைக்கு அப்படி ஒரு அதிகாரி இல்லை. பலர் சார்பதிவாளரிடம் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர் பத்திரத்தைப் பதிந்தவர், நிர்வாகத்தைக் கண்காணிக்கிற வேலை அவருடையது இல்லை. (உங்கள் அமைப்பு சங்கமாகப் பதிவாகியிருந்தால் கதை வேறு. 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு.) அறக்கட்டளைக்குச் சரியான வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவு. அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை நீக்கக் கேட்கலாம், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் கேட்கலாம். மூவரில் ஒருவரோ, வழக்கமாக நன்கொடை தருகிறவர் ஒருவரோ உங்களோடு சேர்ந்தால் போதும். பணம் வராமல், கணக்கையும் மறைக்கிறார் என்றால் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நஷ்டத்தை ஈடுகட்டச் சொல்லி உங்கள் மேல் தீர்ப்பு வந்தால், அதை நிறைவேற்ற உங்கள் சொந்தச் சொத்தைத் தொட முடியும். இரண்டு பேர் சேர்ந்து செய்த மீறல் என்று முடிவானால் முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம். அஞ்சலக ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு காக்கிறது. ஆனால் நகரத்தில் உள்ள வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பணம் திரும்பி வந்துவிட்டால் வழக்கின் கனமே குறைந்துவிடும். சீக்கிரம் எழுதச் சொல்வது அதனால்தான்.

காப்பகம் மூடப்படுமா என்ற உங்கள் கவலையை நான் பெரிதாக மதிக்கிறேன். நல்லவர்கள் பலர் வாயை மூடிக்கொள்வது இந்த ஒரு பயத்தால்தான். கட்டடம் மாநகராட்சியுடையது. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம் என்று கணக்கு வைத்தது. தங்குமிடங்களை உறுதிசெய்யச் சொல்லி உச்ச நீதிமன்றமும் பல முறை உத்தரவு போட்டிருக்கிறது. நடத்துகிற அமைப்பு சரியில்லை என்றால் மாநகராட்சி வேறொரு அமைப்பிடம் ஒப்படைக்கலாம். 40 பேரைத் தெருவுக்கு அனுப்ப அது காரணமாகாது. போன பணம் மாநகராட்சி மானியமா, நன்கொடையா என்று மட்டும் உடனே பாருங்கள். மானியம் என்றால், அதை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தவறாகப் போயிருக்கலாம். அப்போது மாநகராட்சிக்கும் தெரிவித்தாக வேண்டும்.

சிங்கப்பூர்ப் பணம்: பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், அவன் உங்கள் ரத்த உறவாக இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. அவனிடம் பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன வருகைப் பதிவேடு. பெயர், சொந்த ஊர், வந்த நேரம், கையெழுத்து அல்லது கைரேகை என்று ஞாயிறு தோறும் எழுதியிருப்பீர்கள். உங்கள் கையிலிருக்கும் சாட்சியங்களில் ஆகப் பெரியது அதுதான். பதிவேட்டில் 38 ரேகை இருக்கும் இரவுக்கு, சாப்பாட்டு வவுச்சரில் 60 பேர் இருந்தால் தணிக்கையாளர் அங்கிருந்தே தொடங்குவார். நோட்டை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், அது காப்பகத்தின் ஆவணம். இந்த ஞாயிறும் வழக்கம்போலப் போய் எழுதுங்கள். எல்லாரும் படுத்த பிறகு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.